டிரைவர் தலைக்கு மேலே யின் நுவே

உங்கள் தலைக்கு மேலே ஒரு பெண் உட்கார்ந்தால் உங்களிடமிருந்து எது குறையும்? எடையா, உயரமா, ஆயுளா? வீட்டு மாடியில் பெண்கள் நடமாடும்போது கீழே நிம்மதியாகச் சோறு சாப்பிடுகிறவர்தானே நீங்கள்? யோசித்து ஒரு பதில் சொல்லுங்கள். பர்மாவில், மாண்டலே நகரில் ஒரு பேருந்து டிரைவர் இதற்குப் பதில் வைத்திருந்தார். அந்தப் பதிலால் ஒரு பெண்ணின் பிழைப்பே போகப் பார்த்தது.

இந்த ஊரில் ஆண்பிள்ளை பிறக்கும்போது கூடவே ஒரு மகிமையும் பிறக்கிறது என்கிறார்கள். அது அவனுடைய வலது தோளில் குடியிருக்கிறதாம். யாரும் பார்த்ததில்லை. ஆனால் அது எப்படியெல்லாம் போய்விடும் என்பது மட்டும் எல்லாருக்கும் அத்துபடி. இங்கே பெண்களும் லுங்கிதான் கட்டுவார்கள்; அது காயும் கொடிக்கு அடியில் அவன் நடந்தால் போய்விடும். அவளுடைய துணியோடு சேர்த்து அவன் சட்டையைத் துவைத்தால் போய்விடும். பேருந்துக் கூரையிலோ படகின் மேல்தளத்திலோ ஒரு பெண் ஏறிவிட்டால், கீழே இருக்கிற ஆண்கள் அத்தனை பேருடையதும் மொத்தமாகப் போய்விடும். யானையில் ஏறிப் போர் செய்த பரம்பரை என்று மார் தட்டுகிறவர்களின் மகிமை, நாலு முழத் துணியைக் கண்டு ஓட்டம் பிடிக்கிறது. அப்படிப்பட்ட கோழை மகிமையை எதற்குத் தோளில் சுமக்க வேண்டும் என்று கேட்டவள்தான் யின் நுவே.

முப்பத்தைந்தாவது தெருவில் சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தவரின் மூத்த மகள் அவள். பத்தாம் வகுப்பு முடித்ததும் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு சின்ன விடுதியில் விரிப்புகள் துவைக்கப் போனாள். அவர்கள் விட்டுப்போன புத்தகங்களை முதலாளி எடைக்குப் போடுவார். போடும் முன் அவள் படித்துவிடுவாள். அட்டை கிழிந்த வானியல் நூல், பாதி எரிந்த சட்டப் புத்தகம், பிரெஞ்சு இலக்கணம் என்று எது கிடைத்தாலும் விடமாட்டாள். துவைக்கும் தொட்டியின் விளிம்பில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து வினைச்சொற்களை உருப்போட்டாள். எட்டு வருடத்தில் விரிப்புகளோடு சேர்ந்து ஆங்கிலமும் பிரெஞ்சும் அவள் கையில் வெளுத்தன.

பதினாறு வயதில் அவள் ஒரு சோதனை செய்தாள். தம்பியின் சட்டைகளைத் தன் லுங்கியோடு ஒரே வாளியில் போட்டு ஒரு வருடம் முழுக்க யாருக்கும் தெரியாமல் துவைத்தாள். அதுவரை இரண்டு தடவை தோற்றிருந்த தம்பி அந்த வருடம் கணக்கில் முதல் வகுப்பில் தேறினான். அம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னாள். அம்மா ஓர் அறை விட்டாள்.

"இனிமே சேர்த்துத் துவைப்பியா?"

"அவன் பட்டப்படிப்பு முடிக்கணும்ல? துவைச்சுதான் ஆகணும்."

இன்னொரு அறை விழுந்தது. வீட்டில் ஒரு வாரம் யாரும் அவளோடு பேசவில்லை. தம்பி மட்டும் ரகசியமாகச் சட்டைகளைக் கொண்டுவந்து அவள் வாளியில் போட்டுவிட்டுப் போனான்.

சுற்றுலா வழிகாட்டி உரிமத்துக்கு மூன்று முறை தேர்வெழுதி மூன்றாம் முறை தேறினாள். கழுத்தில் அட்டை தொங்கியதே தவிர வேலை கிடைக்கவில்லை. மலைக்கோயிலுக்கும் ஆற்றுப் படகிலும் ஆட்களைக் கூட்டிப் போகிற பெரிய நிறுவனங்கள் ஆண்களையே கேட்டன. முப்பத்து மூன்று வயதில், அப்பா முதுகு ஒடிந்து படுக்கையில் விழுந்த பிறகு, வழுக்கைத் தலையன் வந்தான்.

வழுக்கைத் தலையன் என்பது ஒரு பேருந்து. எங்கோ வெளிநாட்டில் ஓடித் தேய்ந்த இரட்டை மாடிப் பேருந்தை ஊ டுன் யி என்கிற முதலாளி வாங்கிவந்து, மேல் கூரையை அறுத்து எறிந்துவிட்டு, மஞ்சள் சாயம் அடித்து, ஊர் சுற்றிக் காட்டும் வண்டி ஆக்கினார். பெயரை ஊர்க்காரர்கள் வைத்தார்கள். சாலையின் இடதுபுறம் ஓட்டும் ஒரு நாட்டுக்காகச் செய்த வண்டி அது. வலதுபுறம் ஓட்டும் நம் தெருக்களில் அதன் கதவு நடுரோட்டில் திறக்கும். இறங்குகிறவர் நேராக மோட்டார் சைக்கிள் மந்தைக்குள் காலை வைக்க வேண்டும். அந்தக் கதவை மாற்றி வைக்க முதலாளிக்கு மூன்று வருடமாக நேரம் கிடைக்கவில்லை.

பழைய வழிகாட்டி வேலையை விட்டதும் யின் நுவே போய் நின்றாள். ஊ டுன் யி அவளுடைய பிரெஞ்சைக் கேட்டு அசந்துபோனார்.

"ஒரு நடை வந்து காட்டு. நான் வண்டியில பின்னாலயே வந்து பார்க்கிறேன். சரியாப் பண்ணினா வேலை உனக்கு. இல்லேன்னா என் மச்சான் மகன் கோ ஸா காத்துக்கிட்டு இருக்கான்."

"கோ ஸாவுக்கு இங்கிலீஷ் தெரியாதே முதலாளி."

"சிரிப்பான். வெள்ளைக்காரங்களுக்கு அது பிடிக்கும். அப்புறம், ஒண்ணு சொல்லிடறேன். நீ மேல ஏறக்கூடாது. கீழ உட்கார்ந்து மைக்ல பேசு. மேல ஸ்பீக்கர் இருக்கு."

"ஏன்?"

"ஊ சான் லின் ஓட்டமாட்டார்."

டிரைவர் ஊ சான் லின் அங்கேதான் ஸ்டீயரிங்கில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது, தலையில் கட்டிய துண்டு, வலது புஜத்தில் பச்சை குத்திய புலி. மேல்தளத்தின் முன்வரிசை இருக்கை சரியாக அவர் தலைக்கு மேலே வரும்.

"மாமா, மேல பொம்பளைங்க தினம் உட்கார்றாங்களே?" என்றாள் யின் நுவே.

"அவங்க வெளிநாட்டுக்காரங்கம்மா. அவங்க கணக்குல வரமாட்டாங்க. நம்ம பொண்ணுங்கதான் வரும்."

அப்பாவின் படுக்கையும் மருந்துச்சீட்டும் கண்முன் வந்து நின்றன. யின் நுவே பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள்.

ஏப்ரல் முதல் வாரம் அது. ஊரே ஒருவர்மேல் ஒருவர் நீர் ஊற்றிக்கொள்ளும் தண்ணீர்த் திருவிழாவுக்கு எட்டே நாள். பிற்பகல் இரண்டு மணிக்கு நாற்பத்திரண்டு டிகிரி. தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. பத்தொன்பது வெளிநாட்டுப் பயணிகள் குடையும் தொப்பியுமாக மேல்தளத்துக்கு ஏறினார்கள். இரும்பு இருக்கையில் உட்கார்ந்த வேகத்தில் நாலு பேர் கத்திக்கொண்டு எழுந்தார்கள்.

யின் நுவே கீழே தனியாக உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. வெளியே எதுவும் தெரியவில்லை. கீழ்த்தள ஜன்னல்கள் முழுக்கத் தேநீர்ப் பொடி விளம்பரத் தாள் ஒட்டியிருந்தார்கள். வெளியே இருந்து பார்த்தால் ஒரு பெரிய பீங்கான் கோப்பை. உள்ளே இருந்து பார்த்தால் பழுப்பு இருட்டு. பேருந்தின் நீளத்துக்கு அந்தக் கோப்பைக்குள் அவள் முழுகிக் கிடந்தாள்.

கண்டக்டர் கோ தாங் கதவோரம் குந்தியிருந்தார். நாற்பது வயது, எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள்.

"அண்ணே, எதுவும் தெரியலையே. எப்படிச் சொல்றது?"

"முந்தி இருந்தவன் மேலதான் உட்காருவான் தங்கச்சி. நீ தெருவை எண்ணிக்கோ. நம்ம ஊருல தெருவெல்லாம் நம்பர்தானே. கண்ணு எதுக்கு?"

எண்ணினாள். இருபத்தாறாவது தெருவில் வலதுபக்கம் திரும்பினால் அரண்மனை மதில் இடதுபக்கம் வரும். வண்டி திரும்பியது. அவள் மைக்கை எடுத்து, மணி மணியான ஆங்கிலத்தில் தொடங்கினாள்.

"உங்கள் இடதுபுறம் பாருங்கள். இந்த மதிலுக்குள்தான் எங்கள் அரசர்களின் சிம்மாசனங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கம் உண்டு. குறித்த நேரத்தில் அரசர் அதில் வந்து அமர்வார்."

மேலே கொல்லென்று சிரிப்பு கிளம்பியது. யின் நுவேக்குப் புரியவில்லை. தன் உச்சரிப்பில் பிழையோ என்று நினைத்து இன்னும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"அமரும்போது வெளியே சங்கு முழங்கும். கூட்டம் அமைதியாகக் காத்திருக்கும்."

சிரிப்பு கூரையில்லாத கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. கால்களால் தளத்தைத் தட்டினார்கள். பெரிய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த ஓர் அம்மாள் படியில் பாதி இறங்கிவந்து எட்டிப் பார்த்தார். பயணிப் பட்டியலில் திருமதி லுண்ட், நார்வே என்று போட்டிருந்தது. அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, மன்னியுங்கள். இடதுபுறம் இருப்பது ஒரு கழிப்பறைச் சாமான் கடை. வாசலில் வெள்ளை வெளேர் என்று எட்டுக் கோப்பைகள் வரிசையாக வைத்திருக்கிறார்கள். எல்லாரும் படம் எடுக்கிறார்கள்."

யின் நுவே முன்னால் ஓடி, டிரைவர் அறைத் தடுப்பிலிருந்த சின்ன ஜன்னலைத் தட்டித் திறந்தாள்.

"மாமா, எந்தத் தெரு இது? அகழிப் பக்கம் போகலியா?"

"அகழிப் பக்கம் பூரா திருவிழா மேடை கட்றான். வழி இல்ல. உள்தெரு வழியாப் போறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எனக்கு ஓட்டத்தான் சம்பளம். பேச நீ இருக்க."

பின்கண்ணாடியில் ஊ டுன் யி தெரிந்தார். மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். சிரிப்பு அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். முகம் சுருங்கியிருந்தது. வேலை கைநழுவிக் கொண்டிருப்பதை யின் நுவே கண்ணாலேயே பார்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது ஊர்சுற்றல் இல்லை, ரகளை. வண்டி எந்தத் தெருவில் போகிறது என்று டிரைவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும், அந்த இருவரில் ஒருவர் இல்லவே இல்லை. ஐஸ் பெட்டி கட்டிய வண்டிகள், மூங்கில் ஏற்றிய வண்டிகள், ஒரே சைக்கிளில் ஐந்து பேர், சலவைக்கல் தூசு பறக்கும் பட்டறைகள். பேருந்து ஒரு கல்யாணப் பந்தலின் ஓரத்தை இழுத்துக்கொண்டு போய் அரைத் தெரு தள்ளி விட்டது. திருவிழாவை இப்போதே தொடங்கிவிட்ட சில விடலைகள் வாளித் தண்ணீரை மேல்தளத்துக்கு வீசினார்கள். அந்த வெயிலுக்குப் பயணிகள் இன்னும் ஒரு வாளி கேட்டார்கள். மைக் வயர் கதவுவரை எட்டாததால் யின் நுவே கண்ணைக் கட்டிவிட்டது போல இருட்டில் உட்கார்ந்து, கோ தாங் கதவு வழியாகப் பார்த்துச் சொல்வதை மொழிபெயர்த்தாள்.

"என்ன தெரியுது அண்ணே?"

"ஒரு நாய்."

"அதுக்குப் பின்னால?"

"இன்னொரு நாய்."

அப்போது மேலே சடார் என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஓர் அலறல். தெருவுக்குக் குறுக்கே கட்டியிருந்த திருவிழா வளைவின் மூங்கில் ஒன்று, எழுந்து நின்று படமெடுத்த ஒரு பெரியவரின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போயிருந்தது. நெற்றியில் நீளக் கீறல். ரத்தம் படிக்கட்டு வழியாகச் சொட்டியது. குனியுங்கள் என்று சொல்ல மேலே ஒரு ஆள் இல்லை. சொல்ல வேண்டியவள் தேநீர்க் கோப்பைக்குள் உட்கார்ந்திருந்தாள்.

கதவுக்கு வெளியே ஒரு பலகை கடந்து போனது. முப்பதாவது தெரு. யின் நுவேக்கு அந்தச் சந்திப்பு தெரியும். வெயிலில் தொய்ந்த தொலைக்காட்சிக் கம்பிகள் அங்கே கொத்தாகத் தொங்கும். லாரியின் வைக்கோல் பாரமே அதில் சிக்கும். மேலே அடிபட்டவரைச் சுற்றிப் பத்துப் பேர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் மைக்கை எறிந்தாள். லுங்கியைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு பத்துப் படிகளை நான்கு தாவில் ஏறினாள். முன்வரிசைக்கு ஓடி, பயணிகள் பக்கம் திரும்பி, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பர்மியத்திலும் ஒரே மூச்சில் கத்தினாள்.

"குனியுங்க! எல்லாரும் குனியுங்க!"

பத்தொன்பது தலைகளும் தாழ்ந்தன. கறுப்புக் கம்பிக் கொத்து அவர்களுடைய முதுகை உரசுவதுபோல் போய், பின்வரிசைக் கம்பியில் பொறி தட்டிவிட்டு விலகியது. நார்வேக்கார அம்மாள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

டிரைவர் தலைக்கு மேலே செருப்புச் சத்தம் கேட்டது. அடுத்த நொடி வழுக்கைத் தலையன் நடுச்சந்தியில் முக்கி முனகி நின்றான். ஊ சான் லின் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். பார்த்த உடனேயே பதறிப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"கீழ இறங்கு!"

"கம்பி பார்த்தீங்களா மாமா? நான் ஒரு நிமிஷம் தாமதிச்சிருந்தா பத்துக் கழுத்து போயிருக்கும்."

"கழுத்தை ஆஸ்பத்திரில தைச்சுக்கலாம். போன மகிமையை எங்க போய்த் தைக்கிறது? இறங்கு!"

"மாட்டேன். வண்டி கிளம்பினா அடுத்த கம்பியும் வரும். நான் இங்கதான் நிப்பேன்."

நாலு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் குவிந்தன. நூறு ஹாரன் ஒரே நேரத்தில் கத்தியது. தேநீர்க்கடையில் இருந்தவர்கள் முக்காலிகளோடு எழுந்து வந்து, வேடிக்கை பார்க்க வசதியாகப் போட்டு உட்கார்ந்தார்கள். ஐஸ் பெட்டியோடு வண்டியில் வந்த மீன்காரி மா டான் பேருந்தின் முகத்தில் வண்டியை முட்டுக் கொடுத்து நிறுத்தினாள்.

"என்ன அண்ணே, வண்டி பழுதா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. மேல ஒரு பொம்பள ஏறிட்டா."

"அதனால உனக்கு என்ன பழுது?"

கூட்டம் சிரித்தது. ஊ சான் லின் புலி குத்திய கையை உயர்த்தி வானத்தைச் சாட்சிக்கு அழைத்தார்.

"பரம்பரையா வந்த வழக்கம். அதைக் கிண்டல் பண்ணாத."

"என் மீன் நாறுது. உன் மகிமை கெட்டுதா இல்லையான்னு சீக்கிரம் மோந்து பார்த்துட்டு வண்டியை எடு."

யின் நுவே மேலே இருந்து கம்பியைப் பிடித்துக் குனிந்தாள். கம்பி உள்ளங்கையைச் சுட்டது. விடவில்லை.

"மாமா, கூட்டத்துக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மூணு வருஷமா மேல உட்கார்ந்த வெளிநாட்டுப் பொம்பளைங்க ஆயிரம் பேர் இருப்பாங்களா?"

"இருப்பாங்க. அதான் சொன்னேனே, அவங்க வேற."

"எப்படி வேற? உங்க தோள்ல இருக்கிற மகிமை பாஸ்போர்ட் வாங்கிப் பார்க்குமா?"

தேநீர்க்கடைக்காரர்கள் முக்காலியைத் தட்டினார்கள். டிரைவருக்கு முகம் சிவந்தது.

"அவங்க ரத்தம் வேற. நம்ம மண்ணுல பிறந்தவ ஏறினாத்தான் பாதகம். இத்தனை வருஷத்துல ஒருத்தி ஏறினதில்ல. அதனாலதான் எனக்கு ஒரு விபத்தும் நடந்ததில்ல."

அப்போதுதான் நார்வேக்கார அம்மாள் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். கறுப்புக் கண்ணாடியையும் கழற்றினார். சுத்தமான மாண்டலே பேச்சில், சந்தையில் பேரம் பேசுகிற குரலில் கூப்பிட்டார்.

"தம்பி! ஏ தம்பி! இங்க பாரு. நான் முப்பத்து மூணாவது தெரு, பாத்திரக் கடை சந்துல பிறந்தவ. பேரு கின் மே. முப்பது வருஷம் முந்திக் கட்டிக்கிட்டுப் போனேன். நேத்தும் இதே வண்டில இதே முன் சீட்லதான் உட்கார்ந்தேன். முந்தாநாளும்தான். நீதானே ஓட்டின?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஊ சான் லின் அனிச்சையாகத் தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்தார். அதைப் பார்த்துச் சிரிப்பு இரட்டித்தது.

"இருக்காண்ணே?" என்று கேட்டாள் மா டான். "நல்லாத் தடவிப் பாரு. சட்டைப் பைல விழுந்திருக்கும்."

"அப்ப ஏன் வாயைத் திறக்கல?" டிரைவரின் குரல் உடைந்திருந்தது.

"திறந்திருந்தா இறக்கி விட்டிருப்ப. அதான் இங்கிலீஷ்லயே இருந்துட்டேன். என் ஊரை மேல இருந்து பார்க்க நான் வெளிநாட்டுக்காரியா வேஷம் போட வேண்டியிருக்கு, பார்த்தியா?"

அதைச் சொல்லும்போது அந்த அம்மாளின் குரல் விளையாட்டை விட்டுவிட்டது. யின் நுவே அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

ஊ சான் லின் சாவியை இருக்கையில் வைத்துவிட்டுத் தேநீர்க்கடைக்குள் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஆதாரம் முகத்தில் அறைந்தால் திருந்துகிறவர்கள் உண்டு. திரும்பி உட்காருகிறவர்களே அதிகம்.

ஊ டுன் யி வண்டிகளுக்கு இடையில் புகுந்து வியர்த்துக் கொட்டி வந்துசேர்ந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்ட? இறங்கி வா. கீழ உட்கார்ந்து மிச்சத்தை முடி. நான் அவரைச் சமாதானம் பண்றேன். வேலை உனக்குத்தான், இப்பவே வாக்குக் கொடுக்கிறேன்."

வேண்டியது அதுதான். மூன்று தேர்வும், எட்டு வருட வாளித் தண்ணீரும், இருட்டில் விழுங்கிய அவமானமும் அந்த ஒரு வாக்குக்குத்தான். பத்துப் படி இறங்கினால் போதும். யின் நுவே நெற்றியில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்தாள்.

"முதலாளி, கீழ இருந்து நான் கக்கூஸ் கோப்பையைச் சிம்மாசனம்னு சொன்னேன். அது வேலை இல்ல, பொய். இவர் நெத்தியில ரத்தம் வந்தது என் தலை இங்க இல்லாததால. மேல நின்னு சொல்ற வேலைன்னா கொடுங்க. இல்லேன்னா வேண்டாம்."

"பிடிவாதம் பிடிக்காத."

"பிடிச்சாச்சு."

கோ தாங் இடையில் புகுந்தார். "முதலாளி, நீங்க முந்தி மரம் ஏத்தற லாரி ஓட்டினவர்தானே? நீங்களே எடுங்களேன்."

"நானா? மேல இவ நிக்கும்போதா?" அவர் குரல் தாழ்ந்தது. "ஏண்டா, உனக்கு மட்டும் பயம் இல்லியா?"

"எனக்கு மகிமை இருக்கான்னே இதுவரை தெரியல முதலாளி. போனாலும் தெரியப் போறதில்ல."

பேருந்துக்குப் பின்னால் அரை மைலுக்கு வண்டிகள் நின்றன. வேறு வழியில்லாமல் முதலாளி ஒரு பரிகாரம் கண்டுபிடித்தார். கோ தாங்கின் மாற்று லுங்கியை, ஆண் கட்டிய சுத்தமான லுங்கியை, டிரைவர் இருக்கைக்கு மேலே கூரையில் நாலு மூலையும் இழுத்துக் கட்டச் சொன்னார். தண்ணீர் ஒழுகுகிற வீட்டில் தார்ப்பாய் கட்டுவார்களே, அதுபோல. கட்டிய பிறகு அடியில் உட்கார்ந்து, ஒருமுறை அண்ணாந்து பார்த்துத் திருப்தியடைந்து, எஞ்சினைக் கிளப்பினார்.

மீதி ஒன்றரை மணி நேரம் மாண்டலே அதற்கு முன் பார்க்காத ஊர்வலம். யின் நுவே முன்வரிசையில் காலை ஊன்றி நின்றாள். கம்பி வந்தால் மூன்று மொழியில் குனியச் சொன்னாள். இடையில் ஊரைச் சொன்னாள், கண்ணால் பார்த்துச் சொன்னாள். சலவைக்கல் செதுக்குகிறவர்களின் நுரையீரலில் எவ்வளவு தூசு சேர்கிறது என்று சொன்னாள். தங்கத் தகடு அடிக்கும் பட்டறையில் சம்மட்டி தூக்குகிறவனுக்கு என்ன கூலி, மகாமுனி கோயிலில் புத்தர் சிலைக்கருகே ஆண்கள் போய்த் தங்கம் ஒட்டும்போது பெண்கள் ஏன் எட்ட நின்று பார்க்க வேண்டியிருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னாள். தெருவில் போன பெண்கள் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்கள். தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய கன்னங்கள் சிரித்தன. ஒருத்தி கை தட்டினாள்.

நிலையத்தில் பயணிகள் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். ஊ டுன் யி கூரையிலிருந்து லுங்கியை அவிழ்த்து மடித்தபடியே, முகம் பார்க்காமல் சொன்னார்.

"நல்லாப் பேசின. பொய் சொல்லல. ஆனா உன்னை மேல வெச்சா ஒரு டிரைவரும் வரமாட்டான். வேலை கோ ஸாவுக்கு."

"சரி முதலாளி. நாளைக்கு ஒரு டிக்கெட் கொடுங்க."

"யாருக்கு?"

"எனக்கு. மேல, முன் சீட்டு. வழிகாட்டிக்குத்தானே தடை? பயணிக்குத் தடைன்னு உங்க டிக்கெட்ல எங்கயும் இல்ல."

அவர் கொடுக்காமலிருக்க ஒரு காரணம் தேடினார். டிக்கெட்டைப் புரட்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

மறுநாள் யின் நுவே பயணியாக ஏறினாள். அவளோடு மா டானும் கின் மே அம்மாளும் ஏறினார்கள். ஊ சான் லின் இறங்கிப் போனார், முதலாளி லுங்கியைக் கட்டி ஓட்டினார். மூன்றாம் நாள் பதினோரு பேர் ஏறினார்கள். நெசவு ஆலைப் பெண்கள், ஒரு பள்ளி ஆசிரியை, முறை முடிந்து வந்த இரண்டு நர்சுகள். அந்த வெயிலுக்கு வெளிநாட்டுக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முப்பத்து நாலு பெண்கள். தங்கள் ஊரைத் தாங்களே முதல்முறை மேலே இருந்து பார்த்தார்கள். அரண்மனை மதிலுக்கு உள்ளே மரம் இருக்கிறது என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. கோ ஸா மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏம்ப்பா, எவ்வளவு நேரம் சிரிப்ப?" என்றாள் மா டான். "மைக்கை அவகிட்டக் கொடு. நாங்க டிக்கெட் வாங்கினது உன் பல்லைப் பார்க்கவா?"

முப்பத்து நாலு பேரும் காலைத் தட்டினார்கள். லுங்கிக்கு அடியிலிருந்து முதலாளியின் குரல் வந்தது, களைத்த குரல்.

"கொடுத்துத் தொலைடா!"

அன்றிலிருந்து வேலை அவளுடையது. வழக்கம் செத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்து ஊ சான் லின் திரும்பி வந்தார். இப்போது கூரையில் மூன்று லுங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறார். யின் நுவே அவிழ்க்கச் சொல்லவில்லை. அவர் எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும், அவள் நிற்கிற இடம் மாறாது. ஊரில் மற்றப் பேருந்துகளின் கூரைகள் இன்னும் ஆண்களுக்கு மட்டும்தான். ஆற்றுப் படகுகளின் மேல்தளமும் அப்படியே. அதற்கும் டிக்கெட் எடுக்கப் பெண்கள் இப்போது திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பர்மாக்காரர்களின் மூடத்தனம் என்று உச்சுக் கொட்டிவிட்டு நீங்கள் நகர்ந்துவிட முடியாது. உங்கள் ஊரிலும் பெண் ஏறக்கூடாத ஒரு படி, நுழையக்கூடாத ஒரு வாசல், உட்காரக்கூடாத ஒரு இருக்கை இருக்கிறது. எங்கே என்று உங்களுக்கே தெரியும், தினமும் அதைக் கடந்துதான் போகிறீர்கள். இந்த வாரமே உங்கள் வீட்டுப் பெண்களையும் பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு அங்கே போங்கள். ஒருத்தி போனால் விரட்டுவார்கள், முப்பது பேராகப் போங்கள். ஏறுங்கள். யார் வந்து கத்தினாலும் இறங்காதீர்கள்.